ஐந்து புள்ளி ஆறு

“ஓடுதுல்ல?”

“ஓடுது சார்.”

“அப்புறம் என்ன, போய்ப் படு.”

2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்குத் தொலைபேசியில் நடந்த பேச்சு இது. முந்தைய இரவு முழுக்க நான் கண் மூடவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பெரிய வண்டிக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உலோகப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு பட்டறை. 43 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய வருகைப்பதிவு, சம்பளம், சரக்கு இருப்பு, டெலிவரி சலான் எல்லாம் நான் 2012-ல், காலேஜ் முடித்த கையோடு, பிஎச்பியில் எழுதிக்கொடுத்த மென்பொருளில் ஓடுகின்றன. என் முதல் சம்பாத்தியம் அது. அதன் பிறகு நான் நாலு கம்பெனி மாறிவிட்டேன். அந்த மென்பொருள் மட்டும் மாறவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய் ஏதாவது ஒரு காலத்தைச் சேர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவேன்.

அந்த மாதம் சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய இயங்குதளத்தில் இருக்கும் சர்வர்களை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்களாம். நம்முடையது உபுண்டு 14.04. வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து 22.04-க்கு ஏற்றினேன். அதனோடு பிஎச்பி 8.1 வந்தது. பக்கத்தைத் திறந்தால் வெள்ளை. எழுத்து இல்லை, பிழைச் செய்தி இல்லை, வெறும் வெள்ளை.

காரணம் எனக்குத் தெரியும். தரவுத்தளத்தோடு பேச 2012-ல் நாங்கள் எல்லோரும் பயன்படுத்திய பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை 2013-ல் ‘இனி வேண்டாம்’ என்று எச்சரித்தார்கள். 2015 டிசம்பரில் பிஎச்பி 7.0 வந்தபோது அடியோடு எடுத்தே விட்டார்கள். என் நிரலில் அவை அறுநூறு இடங்களுக்கு மேல் இருந்தன. திங்கட்கிழமை சம்பளப் பட்டியல் எடுத்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்த கட்டம் தெரிந்திருக்கும். செக் நாட்டுக்காரரான ஒன்ட்ரெய் சூரி என்ற டெபியன் உறுப்பினர், பிஎச்பியின் பல பதிப்புகளை ஒரே சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் நிறுவும்படி பொதிகளாகச் செய்து வைத்திருக்கிறார். உலகம் கைவிட்ட 5.6-ம் அதில் உண்டு. எத்தனையோ பழைய கடைகள் அந்த ஒருவரின் உழைப்பில்தான் திறந்திருக்கின்றன, சும்மா சொல்லக்கூடாது. 5.6-ஐ இறக்கினேன், இந்தத் தளத்தை மட்டும் அதற்குத் திருப்பிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. பக்கம் வந்தது. பழைய ஊதா நிறப் பட்டை, நான் இருபத்தொரு வயதில் வரைந்த அசிங்கமான லோகோ, எல்லாம் அப்படியே.

அடுத்த வாரம் பில் அனுப்பினேன். ‘சர்வர் அப்கிரேடு’ என்று எழுதி ஒரு தொகை போட்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றியது.

5.6-க்கான ஆதரவு 2018 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் பிஎச்பி குழு அடைக்காது. நான் புதிய வீட்டைக் கட்டி, உள்ளே பழைய வீட்டின் பூட்டில்லாத கதவைப் பொருத்திவிட்டு, ‘வீடு புதுசு’ என்று பில் போட்டிருந்தேன். அதற்கு முன்னாலும் ஒழுங்கு இல்லைதான். 14.04-ல் இருந்த பிஎச்பி 5.5-க்கு உபுண்டுவின் வழக்கமான திருத்தங்கள் 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டன. ஆனால் அந்த ஐந்து வருஷமும் நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்து, தெரிந்து, என் கையால் செய்திருந்தேன். இரண்டும் ஒன்றா?

வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-ல் ஒரு கட்டுரை எழுதினார். கிராபிக்ஸ் நிரல் எழுதுபவர்கள் அவர் பெயரிலான இயற்கணிதத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு கப்பல்காரன். அவன் கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. நாடு விட்டுப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப்போகிறது. ஒருவேளை தாங்காதோ என்று அவனுக்குள் ஒரு சந்தேகம். இத்தனை பயணம் போய்வந்த கப்பல்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறான். மனதார நம்பவும் ஆரம்பித்துவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறான். அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கிளிஃபோர்ட் அங்கே நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச்சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் துளியும் குறையாது என்கிறார். இதை எழுதியவர் தானே 1870-ல் சிசிலி அருகே ஒரு கப்பல் விபத்தில் உயிர் தப்பியவர். இறக்கும்போது வயது 33.

கல்லூரியில் இதைப் படித்தபோது மிகையாகத் தோன்றியது. ஒன்றுமே நடக்கலைன்னா என்ன தப்பு? இப்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கப்பல்காரனுக்காவது தன்னை நம்பவைக்கும் சிரமம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை. ‘ஓடுதுல்ல?’ என்று சார் கேட்டார், ‘ஓடுது’ என்று உண்மையைத்தான் சொன்னேன்.

இந்த ‘ஓடுது’ என்ற வார்த்தை தொழிற்பேட்டையில் பெரிய மரியாதைக்குரியது. பட்டறையின் மூலையில் ஒரு எச்.எம்.டி. லேத் நிற்கிறது. எனக்கு மூத்தது. சார் அதை அவருடைய அப்பா காலத்திலிருந்து வைத்திருக்கிறார். அதன் கோளாறு எதுவும் ரகசியமில்லை. சத்தம் மாறினால் சார் டீ டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, “பேரிங் போவப்போவுது” என்பார். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், கைக்கு அதிரும். நாப்பது வருஷம் ஒரு இயந்திரத்தை ஓட்டுவது இங்கே பெருமை. அது நியாயமான பெருமையும்கூட.

மென்பொருள் தேயாது. 2014-ல் வெளியான 5.6 இன்றைக்கும் அதே வேகத்தில், அதே விடைகளைத் தருகிறது. அது அப்படியே இருக்க, வெளியே இருப்பவர்கள் அதைப் பற்றி மேலும் மேலும் தெரிந்துகொண்டே போகிறார்கள். நாப்பது வருஷ லேத்தின் பலவீனம் அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியும். பத்து வருஷ பிஎச்பியின் பலவீனம் அதைத் திருட வருகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். லேத் உடைந்தால் அடிபடுவது அதன் எதிரே நிற்பவன், அவனால் ஒதுங்கவும் முடியும். என் மென்பொருள் உடைந்தால் அடிபடுவது அதைப் பார்த்தே இராத 43 பேர். அவர்களுடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கின்றன.

அதே 2024 ஜூனில் ஒரு செய்தி வந்தது. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் என்ற ஆய்வாளர், விண்டோஸில் ஓடும் பிஎச்பியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். வரி முடிவில் சொல்லை உடைக்க உதவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹைஃபன் உண்டு. சீனம், ஜப்பானியம் போன்ற சில மொழி அமைப்புகளில் விண்டோஸ் அதைச் சாதாரண ஹைஃபனாக மாற்றிவிடுகிறது. அந்த இடுக்கு வழியாக வெளியிலிருந்து ஒருவர் சர்வருக்குக் கட்டளை கொடுக்கலாம். 2012-ல் அடைத்த ஓட்டையே இன்னொரு வழியாகத் திறந்துகொண்டது. 8.1, 8.2, 8.3 பதிப்புகளுக்கு உடனே திருத்தம் வந்தது. 8.0-க்கும், 7-க்கும், 5-க்கும் கிடையாது, அவற்றின் காலம் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் பணயத்தொகை கேட்கும் கும்பல் அந்த வழியாக நுழைந்துகொண்டிருந்தது.

என் சர்வர் லினக்ஸ். அந்த ஓட்டை என்னைத் தொடாது. அறிவிப்பை முழுசாகப் படித்து அதை உறுதி செய்ததும் பெருமூச்சு விட்டேன். கப்பல் இந்தத் தடவை போய்ச்சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே பாதி அந்தப் பக்கம்தான். காலாவதி என்பது இயற்கை இல்லை, யாரோ எடுத்த முடிவு. பிஎச்பியில் ஒரு பதிப்புக்கு மொத்தம் மூன்று வருஷ ஆதரவு. 2024-ல்தான் அதை நான்காக்கினார்கள். அதைப் பராமரிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மூன்று வருஷம் என்பது எந்த ஊர்க் கணக்கு? நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இதற்கென்றே ஒரு டீம் இருக்கிறது. சாருக்கு நான் மட்டும்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். 2021-ல் முழுசாகத் திருப்பி எழுத ஒன்றரை லட்சம் ஆகும் என்றேன். கொரோனாவில் ஆர்டர் போன நேரம். “அடுத்த வருஷம் பாப்போம் தம்பி” என்றார். அந்த ஒன்றரை லட்சத்தை அவர் சம்பளமாகக் கொடுத்ததை நான் பார்த்தேன். பழசை வைத்திருப்பவன் சோம்பேறி என்று எங்கள் ஆட்கள் மேடை போட்டுப் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

போதாததற்கு, புதுசுக்குப் போவதும் அப்பாவித்தனமான காரியமில்லை. அந்த ஜூன் செய்திக்குப் பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்து சம்பளப் பகுதியை மட்டும் 8.1-க்கு மாற்ற ஆரம்பித்தேன். ஆகஸ்டில் முடிந்தது. சோதனைக்காக ஒரே மாதச் சம்பளத்தை பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டி ஒப்பிட்டேன். 32 பேருக்கு ஒரே தொகை. 11 பேருக்குப் புதிய பதிப்பில் 750 ரூபாய் குறைவு.

அந்தப் பதினோரு பேரும் அந்த மாதம் ஒருநாள்கூட லீவு போடாதவர்கள். 750 ரூபாய் என்பது முழு வருகைக்கான ஊக்கத்தொகை. லீவு எண்ணிக்கை பூஜ்யம் என்றால் தொகையைக் கொடு என்று எழுதியிருந்தேன். லீவு போடாதவர்களின் கட்டத்தில் சூப்பர்வைசர் எதுவுமே எழுதமாட்டார், வெறுமனே விட்டுவிடுவார். பழைய பிஎச்பிக்கு வெற்றிடமும் பூஜ்யமும் ஒன்று. 2020 நவம்பரில் வந்த 8.0-விலிருந்து வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் அமைதியாக மாறியிருக்கும். ஏப்ரல் இரவில் கட்டளைகளை மட்டும் மாற்றி அவசரமாக 8.1-ல் ஓட்டியிருந்தால், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்களின் பணத்தை வெட்டியிருப்பேன். 8,250 ரூபாய். அவர்கள் வந்து கேட்டிருப்பார்களா? ‘கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் வருது’ என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

புதிய விதிதான் சரி. ‘எழுதவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்று எந்தத் தர்க்க ஆசிரியரும் சொல்வார். ஆனால் பதினோரு பேரின் நியாயமான கூலி, ஒரு மொழியின் பழைய அசட்டையின் மேல் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. பாத்தியா, மாத்தாம வெச்சதுதான் நல்லது. மாற்றிய நிரலை மடித்து வைத்துவிட்டு செப்டம்பர் முழுக்க 5.6-லேயே விட்டேன். என்னைப் பற்றி நான் மறைக்க விரும்பும் மாதம் ஏப்ரல் இல்லை, அந்த செப்டம்பர்தான்.

நான் திருமுல்லைவாயிலில் இருக்கிறேன். சென்ட்ரல் பக்கம் மின்ரயிலில் போகும்போது, வில்லிவாக்கம் தாண்டினால் ஐ.சி.எஃப். வரும். 1955-ல் சுவிஸ் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் தொடங்கிய தொழிற்சாலை. அந்தப் பழைய வகைப் பெட்டி அறுபது வருஷத்துக்கு மேல் இங்கிருந்து வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. இப்போது செய்வது ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. வகையும் வந்தே பாரத்தும். மோதலில் பழைய பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும். புதியவற்றின் இணைப்பு அப்படி ஏறவிடாது. இது ரயில்வேக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பழைய நீலப் பெட்டிகள் ஓடுகின்றன. அப்படியானால் ரயில்வேயும் நானும் ஒன்றா?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பட்டறைக்குப் போயிருந்தேன். லேத், பவர் பிரஸ், கிரைண்டர் எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பொரிப் பொட்டலத்தோடு வீடு வந்து சேர்ந்த பிறகு, ராத்திரி எட்டரை மணி வாக்கில், கவரைப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. படங்களில் பெட்டிகள் தாறுமாறாகக் கிடந்தன. ஒருவர்கூட சாகவில்லை. அவை எல்.எச்.பி. பெட்டிகள்.

அன்றிரவு பழைய பெட்டிகளைப் பற்றி நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு 25 வருஷம் என்று ஒரு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. குறித்த இடைவெளியில் பிரித்துச் சோதிக்கிறார்கள். இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. வயதான பெட்டிகளில் சிலவற்றின் இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, கார் ஏற்றும் வண்டியாக மாற்றிவிடுகிறார்கள். பெட்டி அதே பெட்டி. ஆனால் அது இனி மனிதர்களை ஏற்றுவதில்லை.

திங்கட்கிழமை மாலை சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்கிரேடு என்று பில் போட்டது, 5.6, ஆதார் எண்கள், செப்டம்பர். பதிப்பு எண்கள் அவருக்குப் பிடிபடவில்லை. எழுந்து பிரஸ் ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“இதுல ரெண்டு பட்டன் இருக்கா? ரெண்டு கையாலயும் அழுத்துனாத்தான் எறங்கும். ஏன்?”

“கை உள்ள இருக்கக் கூடாதுன்னு.”

“சில கடைல ஒரு பட்டன அழுத்தி டேப் போட்டுக் கட்டிருவானுங்க. ஒத்தக் கையில வேகமா ஓட்டலாம். ஒண்ணும் ஆவாது, பல வருஷம் ஆவாது. நான் என் கடையில விட்டதில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “நீ கட்டிட்ட. அதுவும் கட்டுனத எங்கிட்ட சொல்லாம கட்டிட்ட.”

பில் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். “அத வெச்சி என்ன பண்ண? கட்ட எப்ப அவுப்ப, அதச் சொல்லு” என்றார்.

வேலையாட்களிடம் அவரே சொன்னார், டீ நேரத்தில், மூன்று வாக்கியங்களில். பணம் ஏதாவது போயிடுச்சா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றதும் கலைந்தார்கள். லாக் கோப்புகளைத் தோண்டியதில் சந்தேகப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை என்றுதான் நான் சொல்லியிருந்தேன். மறுநாள் பேக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா என்னை நிறுத்தி, “தம்பி, என் ஆதாரு உங்க கம்ப்யூட்டர்ல எதுக்கு இருக்கு?” என்றார். பி.எஃப். படிவத்துக்கு வேண்டும், ஆனால் அது ஆடிட்டர் ஆபீஸில் தனியாக இருக்கிறது. என்னிடம் எதற்கு? யாரோ ஒரு வருஷம் ‘சேத்து வெச்சுக்கலாமே’ என்றார்கள், நான் டீ குடிக்கும் நேரத்தில் ஒரு காலம் சேர்த்தேன். 5.6-ஆ 8.1-ஆ என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. “தேவையில்லக்கா, எடுத்துடறேன்” என்றேன். “எடுத்துட்டு காட்டு” என்றார். எடுத்துவிட்டுக் காட்டினேன். பழைய பேக்கப்புகளையும் தேடித்தேடி அழித்தேன்.

டிசம்பரில் சம்பளப் பகுதி புதிய பதிப்புக்குப் போனது. சரக்கு இருப்பும் சலானும் இன்னும் 5.6-ல்தான் ஓடுகின்றன. ஆனால் சர்வரில் இல்லை, ஆபீஸ் மேஜைக்கு அடியில் இணையத்தோடு இணைக்காத ஒரு பழைய கணினியில். அதில் நட்டு, போல்ட்டு, வாஷர் கணக்கைத் தவிர ஆள் பெயர் எதுவும் இல்லை. மானிட்டர் ஓரத்தில் ‘31.3.2025-க்குள் எடுக்கணும்’ என்று சார் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அந்தத் தேதி போய்விட்டது. தாளை யாரும் கிழிக்கவில்லை, நான் போகும்போதெல்லாம் அதற்கு எதிரேதான் உட்கார வேண்டும்.

புதிய சம்பளப் பகுதியில் லீவுக் கட்டத்தை வெறுமனே விட்டால் பட்டியல் நகராது. எழுதியே ஆக வேண்டும், பூஜ்யமானாலும். சூப்பர்வைசருக்கு இதில் மகா கோபம். மாதக் கடைசியானால் போன் வரும்.

“லீவே போடாதவனுக்கு நான் எதுக்கு தம்பி எழுதணும்? அவன்தான் வந்துட்டானே!”